பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் மென்பொருள்: நம் பாட்டுக்கு எவ்வளவு சரிவரும்?

கராவோக்கே பாடுகிறவர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. எந்தப் பாட்டைப் பாட ஆசையோ, அந்தப் பாட்டுக்கு டிராக் கிடைக்காது. கிடைத்தாலும் யாரோ கீபோர்டில் அவசரமாக வாசித்து வைத்ததாக இருக்கும். வீணை வரவேண்டிய இடத்தில் மணி அடிக்கும். தபேலா வரவேண்டிய இடத்தில் தகர டப்பா உருளும். யான், குவார் செம்படாக், பீடோங், சுங்கை பட்டாணி என்று நம் வட்டாரத்தில் கோயில் கலைநிகழ்ச்சிக்கோ கல்யாண டேவானுக்கோ மேடை போட்டால், பாட வருகிறவர் முதலில் கேட்பது, “டிராக் இருக்கா?” என்பதைத்தான்.

இப்போது அந்தக் கேள்விக்கு வேறொரு பதில் வந்துவிட்டது. அசல் பாட்டையே கணினியில் போட்டால், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அதிலிருந்து குரலைத் தனியாகவும் வாத்தியங்களைத் தனியாகவும் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஸ்டூடியோவைத் தேடிப் பினாங்குக்குப் போக வேண்டியதில்லை. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஒரு தே தாரிக் குடித்து முடிக்கும் நேரம் போதும். ஆனால் அது எப்படிப் பிரிக்கிறது என்று தெரியாமல் பயன்படுத்தினால், மேடையில் டி.எம்.எஸ். பாதிக் குரலில் எட்டிப் பார்ப்பார். ஏன் எட்டிப் பார்க்கிறார் என்பதற்குத்தான் இந்த விளக்கம்.

முன்பு வீட்டு கராவோக்கே பெட்டிகளில் குரலை நீக்கும் பொத்தான் ஒன்று இருந்தது. அதன் வேலை மிக எளிது. ஸ்டீரியோ பாட்டில் இடப்பக்கம் ஒரு தடம், வலப்பக்கம் ஒரு தடம். பாடகரின் குரலை வழக்கமாக நடுவில் வைப்பார்கள். அதாவது இரண்டு தடத்திலும் அது ஒரே அளவில் இருக்கும். ஒரு தடத்திலிருந்து மற்றதைக் கழித்தால், இரண்டிலும் சமமாக இருப்பது அழிந்துவிடும். குரல் போகும். கூடவே நடுவில் வைத்திருக்கும் பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் அடியும் போய்விடும். மிஞ்சுவது எலும்பில்லாத பாட்டு.

நமக்கு அதைவிடப் பெரிய சிக்கல் இருந்தது. 1978-ல் வந்த இளையராஜாவின் ‘பிரியா’தான் தமிழில் முதலில் ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான படம் என்று சொல்வார்கள். அதற்கு முன் வந்த எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்துப் பாடல்கள் மோனோ. ஒரே தடம். அதில் இடமும் இல்லை, வலமும் இல்லை, கழித்தால் பூச்சியம்தான். கெடாவில் எந்த மேடையிலும் பெரியவர்கள் விரும்பிப் பாடுவது அந்தக் காலத்துப் பாடல்களைத்தான். பெட்டியில் இருந்த பொத்தான் அவர்களுக்கு எந்தப் பயனும் தரவில்லை.

அந்தப் பாடல்களின் வாத்திய இசையை வெளியிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படி ஒன்று தனியாக இருந்தால்தானே வெளியிட! அன்று பெரும்பாலும் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒருவர் தவறினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முடிவில் கையில் இருப்பது எல்லாம் கலந்த ஒரே தடம். ஆகவே பழைய தமிழ்ப் பாட்டுக்கு அசல் வாத்திய இசை வேண்டுமென்றால், கலந்ததைப் பிரிப்பதைத் தவிர வழி கிடையாது.

பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக்கிலிருந்து பாலைத் திரும்ப எடுக்க முடியாது. மென்பொருளாலும் முடியாதுதான். ‘இந்த நிறத்தில் இருந்தால் இதில் பால் இவ்வளவு, சாயம் இவ்வளவு’ என்று அது கணித்துச் சொல்கிறது. அந்தக் கணக்கை வைத்து இரண்டையும் புதிதாக ஊற்றி வைக்கிறது. பிரித்த தடத்தில் நாம் கேட்பது மென்பொருளின் அனுமானம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், மீதியெல்லாம் புரிந்துவிடும்.

அந்த அனுமானம் எப்படி நடக்கிறது? குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு விநாடி ஒலி என்பது ஒரு தடத்துக்கு 44,100 எண்கள். மென்பொருள் அதைச் சின்னச் சின்னத் துண்டாக, ஏறக்குறைய விநாடியில் பத்தில் ஒரு பங்காக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதியில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்த்து, அதை ஒரு படமாக வரைகிறது. படத்தில் இடமிருந்து வலம் நேரம். கீழிருந்து மேல் சுருதி. இந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தாலே சில விஷயங்கள் தெரியும். டிரம்ஸ் அடி செங்குத்துக் கோடாக நிற்கும். நீட்டி வாசிக்கும் ஆர்மோனியம் படுக்கைக் கோடாகக் கிடக்கும். மனிதக் குரலோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அலைக்கோடுகளாக நெளியும். பாடகர் ஓர் அசைவு கொடுத்தால் அடுக்கு முழுவதும் சேர்ந்து வளையும்.

மென்பொருள் அந்தப் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பார்த்து, ‘இந்தப் புள்ளியில் முக்கால் பங்கு குரல், கால் பங்கு தபேலா’ என்று பங்கு போடுகிறது. குரலின் பங்கை மட்டும் வைத்துப் படத்தை மறுபடியும் ஒலியாக மாற்றினால் குரல் தடம். மீதியை மாற்றினால் வாத்தியத் தடம். 2019 நவம்பரில் டீசர் என்ற பிரெஞ்சு இசை நிறுவனம் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் இப்படித்தான் வேலை செய்கிறது. இந்தத் தொழில்நுட்பம் ஆய்வுக்கூடத்திலிருந்து சாதாரண மக்களின் கைக்கு வந்தது பெரும்பாலும் அதன் புண்ணியத்தில். அதே காலத்தில் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவிலிருந்து டெமக்ஸ் வந்தது. அதன் முதல் வடிவங்கள் படம் வரையாமல் ஒலி அலையையே நேரடியாகக் கையாண்டன; பிறகு வந்தவை இரண்டு முறையையும் சேர்த்துக்கொண்டன. இன்று காதுக்கு நன்றாக இருப்பது டெமக்ஸும் அதற்குப் பின் வந்தவையும்தான். ஸ்ப்ளீட்டர் வேகமானது, ஆனால் சாதாரண அமைப்பில் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைக் கைவிட்டுவிடுவதால் போர்வை போர்த்தியதுபோல் மங்கிக் கேட்கும்.

பங்கு போடும் அறிவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில்தான் நம் கதை இருக்கிறது. குரல் தனி, வாத்தியம் தனி, இரண்டும் கலந்த பாட்டு தனி என்று எல்லாம் கையில் இருக்கும் பாடல்களை மென்பொருளுக்குத் திரும்பத் திரும்பக் கொடுத்து, அது பிரித்ததை அசலோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். இதற்காக ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் தொகுப்பின் பெயர் மியூஸ்டிபி18. 150 பாடல்கள், மொத்தம் ஏறக்குறைய 10 மணி நேரம். ராக், பாப் போன்ற மேற்கத்திய வகைகளே அதில் மிகுதி. ஒவ்வொரு பாட்டும் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரிந்திருக்கும். டெமக்ஸுக்கு இன்னும் 800 பாடல்கள் சேர்த்துக் கற்பித்தார்கள். மிருதங்கம் எது, நாதஸ்வரம் எது என்று அதற்கு யாரும் தனியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. வீணை, புல்லாங்குழல், வயலின், ஷெனாய் எல்லாம் போய் விழும் இடம் ‘மற்றவை’ என்ற ஒரே கூடை.

‘மற்றவை’யில் ஒழுங்காக விழுந்தால்கூடப் பரவாயில்லை. நம் வாத்தியங்களுக்கு ஒரு குணம்: அவை பாட்டைப்போல் வாசிக்கப்படுகின்றன. வயலினும் நாதஸ்வரமும் குரல் வளைவதுபோலவே கமகத்தோடு வளைகின்றன. படத்தில் நெளியும் அடுக்குக் கோட்டைக் கண்டதும் மென்பொருள் ‘குரல்’ என்று தடுமாறுகிறது. பரீட்சை வைத்துப் பார்க்க விரும்பினால், 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். மோனோ பதிவு, ஒரே ராகம், ஒரே ஸ்வர வரிசை. மனிதக் காதுக்கு அங்கே குழப்பம் எதுவும் இல்லை. மென்பொருளுக்கு அதைவிடக் கடினமான கேள்வித்தாள் அமைவது அரிது.

கர்நாடகக் கச்சேரி இன்னும் சிரமம். வயலின் பாடகரை நிழல்போல் தொடர்வதே அந்த இசையின் மரபு. பார்சிலோனாவில் உள்ள பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தின் இசைத் தொழில்நுட்பக் குழு, சராகா என்ற பெயரில் கர்நாடக, இந்துஸ்தானி கச்சேரிப் பதிவுகளைத் தொகுத்திருக்கிறது. அதில் உள்ள கர்நாடகப் பதிவுகள் பலவற்றில் ஒவ்வொரு கலைஞரின் மைக்குக்கும் தனித்தனித் தடம் உண்டு. இருந்தும் பாடகரின் மைக்கில் பக்கத்து மிருதங்கமும் வயலினும் கசிந்து விழுகின்றன. மேடைக் கச்சேரியில் அதைத் தவிர்க்க முடியாது. அதனால் ‘இது சுத்தமான குரல்’ என்று காட்டிக் கற்பிக்கவே பொருள் குறைவு. கசிவுள்ள பதிவை வைத்தே எப்படிக் கற்பிப்பது என்று அதே குழுவினர் 2023-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் இசைக்காக யாரோ பார்சிலோனாவில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள் என்பது ஆறுதல்தான். நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களும் இதில் இறங்கினால் இன்னும் நன்றாக இருக்கும்.

நம் ஊர் உறுமி மேளத்தை நினைத்துப் பாருங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் அந்த இழுப்பு, அடியா ஓசையா என்று சொல்ல முடியாமல் கீழிருந்து மேலாக வழுக்குகிறது. டிரம்ஸ் செட்டை மட்டும் கேட்டு வளர்ந்த மென்பொருள் அதை டிரம்ஸில் பாதி, பேஸில் பாதி என்று சிதறடிக்க வாய்ப்பு அதிகம். உறுமிப் பாட்டைப் பிரிப்பதாக இருந்தால் நான்காகப் பிரிக்காதீர்கள். குரல், வாத்தியம் என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரித்து வந்த தடத்தை எப்படிச் சோதிப்பது? ஹெட்ஃபோன் போட்டு வாத்தியத் தடத்தை மட்டும் கேளுங்கள். குரல் போயிருக்கும், ஆனால் ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ வரும் இடங்களில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் எஞ்சியிருக்கலாம். அந்த எழுத்துகளின் ஒலியும் ஜால்ரா, சிம்பல் ஒலியும் படத்தின் உச்சியில் ஒரே பகுதியில் இருப்பதால், எது எவருடையது என்ற வழக்கில் தீர்ப்பு மாறிப்போகிறது. பஜனைப் பாட்டில் ஜால்ரா ஓயாமல் ஒலிப்பதால் இது தெளிவாகத் தெரியும். அடுத்து, பாடகர் நீட்டி நிறுத்தும் இடங்களைக் கவனியுங்கள். குரலை எடுத்துவிட்டு அதன் எதிரொலியை விட்டுவைத்திருக்கும். மூன்றாவது, கோரஸ். மென்பொருளுக்கு எல்லாக் குரலும் குரல்தான். ஹம்மிங்கும் ஸ்வரமும் ஜதியும் சேர்ந்தே போய்விடும். மேடையில் கோரஸ் வேண்டுமென்றால், முதன்மைக் குரலை மட்டும் எடுக்கும் கராவோக்கே மாதிரியை (மாடலை) தேர்ந்தெடுக்க வேண்டும். அல்டிமேட் வோக்கல் ரிமூவர் என்ற இலவச மென்பொருளில் அது இருக்கிறது.

சிறு மிச்சங்களுக்கு அஞ்ச வேண்டாம். மேடையில் உங்கள் குரல் மேலே வந்ததும் சீறலும் எதிரொலியும் அதனடியில் அமுங்கிவிடும். தடத்தைத் தனியாகக் கேட்டு மனம் உடைந்து அழித்துவிடுகிறவர்கள் பலர். பாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பாடகர்களுக்கு இன்னொரு பெரிய உதவியும் இதில் இருக்கிறது. டி.எம்.எஸ்., சீர்காழி கோவிந்தராஜன் பாடிய சுருதியில் எல்லாராலும் பாட முடியாது. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கத்தான் வேண்டும். கலந்த பாட்டை அப்படியே இறக்கினால் தாளம் சொதசொதத்துப் போகும். பிரித்த பிறகு, டிரம்ஸை விட்டுவிட்டு மற்றதை மட்டும் இறக்கினால் அடி கூர்மையாகவே இருக்கும். எங்கும் சொல்லப்படும் இந்த ஆலோசனை மேற்கத்தியப் பாட்டுக்குச் சரி. நம் தபேலாவும் மிருதங்கமும் பாட்டின் சுருதிக்குச் சேர்த்தவை. அவற்றை இறக்காமல் விட்டால், பாட்டு ஒரு சுருதியிலும் தபேலா வேறு சுருதியிலும் நிற்கும். மேடையில் நிற்கிறவருக்கு என்ன பிசகு என்று தெரியாது, ஆனால் பாட வராது. தபேலா உள்ள பாட்டென்றால் அதையும் சேர்த்தே இறக்குங்கள்.

எந்த மென்பொருள் என்று கேட்பீர்கள். கைப்பேசி மட்டும் இருக்கிறது என்றால் மோய்சஸ் போன்ற செயலி போதும். லாலால் போன்ற இணையச் சேவைகளும் உண்டு. இலவசமாகச் சிறிதளவும் காசுக்கு மிகுதியும் தருவார்கள். மடிக்கணினி இருந்தால் அல்டிமேட் வோக்கல் ரிமூவரே என் தேர்வு. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம், கட்டணம் இல்லை. அதிலேயே டெமக்ஸும் இருக்கிறது. தனிக் கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் பாட்டின் நீளத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும். ஆப்பிள் கணினியில் லாஜிக் புரோ வைத்திருக்கிறவர்களுக்கு 2024 முதல் இந்த வசதி உள்ளேயே வந்துவிட்டது.

மென்பொருளைவிட முக்கியம் கொடுக்கும் பாட்டு. புலனத்தில் பத்துக் கை மாறி வந்த பாட்டைக் கொடுத்து நல்ல தடம் கேட்காதீர்கள். ஒவ்வொரு சுருக்கலிலும் போனது போனதுதான். இல்லாததை மென்பொருள் கண்டுபிடிக்காது. குறுந்தகடு இருந்தால் அதிலிருந்து எடுங்கள். பிரித்த தடத்தைப் பிறருக்கு அனுப்பும்போதும் புலனத்தில் ஆவணமாக அனுப்புங்கள்.

உரிமையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் பிரித்துப் பாடிப் பழகுவதை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. அதையே யூடியூபில் போட்டால், குரல் இல்லாவிட்டாலும் இசையை வைத்தே அங்குள்ள கண்காணிப்பு அடையாளம் கண்டுவிடலாம். மலேசியாவில் ஒலிப்பதிவுக்கான உரிமைக் காலம் 50 ஆண்டு. ‘அப்படியானால் எம்.ஜி.ஆர். பாட்டெல்லாம் நமக்குச் சொந்தம்’ என்று கிளம்ப வேண்டாம். மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள உரிமை படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டு நீளும். பொது நிகழ்ச்சிகளில் பாடுவதற்கு இசைப் படைப்பாளர்களின் சார்பில் எம்.ஏ.சி.பி. உரிமம் வழங்குகிறது, நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் அங்கே கேட்டுக்கொள்வது நல்லது. இளையராஜா ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்துக்கும் ‘கூலி’ முன்னோட்டத்துக்கும் 2024-ல் நோட்டீஸ் அனுப்பியதைப் பார்த்தவர்களுக்கு, இதில் விளையாட்டு இல்லை என்பது தெரியும்.

பிரிப்பதையும் குரலைப் போலி செய்வதையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். 2024 தொடக்கத்தில் ‘லால் சலாம்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டுப் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி உரிய தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். அதே ஆண்டு, அனுமதி கேட்காமல் தன் தந்தை எஸ்.பி.பி.யின் குரலைச் செயற்கையாக உருவாக்கியதாகச் சொல்லி, ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு எஸ்.பி. சரண் நோட்டீஸ் அனுப்பினார். குரலைப் போலி செய்வது வேறு தொழில்நுட்பம். ஆனால் போலிக் குரல் செய்ய மூலப்பொருள் சுத்தமான தனிக் குரல். அதைத் தருவது நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த மென்பொருள். பிரித்த குரல் தடத்தைக் கண்டவர்களுக்கு அனுப்பி வைப்பதைத் தவிர்க்க இந்த ஒரு காரணம் போதும்.

கராவோக்கேயை விட்டுவிட்டு இன்னொரு பயனுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் நம் வட்டாரத்துக்கு இதுதான் பெரியது. உலகத்தில் இந்தத் தொழில்நுட்பத்துக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது ஒரு வீட்டு கேசட். 1970-களின் இறுதியில் ஜான் லெனன் தன் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே பாடிப் பதிந்த பாட்டு அது. 1995-ல் பீட்டில்ஸ் குழுவின் மற்ற மூவரும் அதை முடிக்கப் பார்த்து, கேசட்டின் இரைச்சலும் குரலை அமுக்கிய பியானோவும் வழிவிடாததால் கைவிட்டார்கள். இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய பிரிப்பு மென்பொருளால் லெனனின் குரல் தனியாக வந்தது. 2023 நவம்பரில் பாட்டு வெளியானது.

அப்படிப்பட்ட கேசட்டுகள் நம் வீடுகளிலும் இருக்கின்றன. லயத்து வாசலில் பாட்டி பாடிய தாலாட்டு, துக்க வீட்டில் பாடிய ஒப்பாரி, தோட்டத்துக் கோயில் திருவிழாவில் யாரோ வானொலிப் பெட்டியை வைத்துப் பதிந்த கும்மி. தோட்டம் துண்டாகி, மக்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். கேசட் மட்டும் அலமாரியின் அடியில் கிடக்கிறது. பின்னணியில் ஜெனரேட்டர், மழை, சேவல், பேச்சு. பாடுகிற குரலை இந்த இரைச்சலிலிருந்து மேலே கொண்டுவர இந்த மென்பொருள் உதவும். ஒப்பாரிக்கு வாத்தியமே இல்லாததால், நாதஸ்வரத்தில் வரும் குழப்பமும் அங்கே குறைவு.

செய்வதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். முதலில் கேசட்டை எதையும் நீக்காமல் முழுதாகக் கணினியில் ஏற்றுங்கள். எம்பி3-ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாக வையுங்கள். பாடியவர் யார், எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். பிரிப்பது அதன் நகலில் இருக்கட்டும். இன்றைய மென்பொருள் இரைச்சல் என்று ஒதுக்குவதில் பாட்டியின் மூச்சும் இருக்கலாம். பத்து ஆண்டு கழித்து வரும் மென்பொருள் அதைச் சரியாகப் பிரிக்கும். அதற்கு மூலப் பதிவு இருந்தாக வேண்டும். கேசட் நாடா ஆண்டுக்கு ஆண்டு கெட்டுக்கொண்டிருக்கிறது. இந்த விடுமுறையிலேயே எடுத்து ஏற்றிவிடுங்கள்.